இரண்டு முனையிலும் அடித்த ஆணி

கமலம்,

ஒரே கூரையின் கீழ் படுத்து எழுந்து, ஒரே அடுப்பில் பொங்கிய சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பெண்ணுக்குக் கடிதம் எழுதுகிற மனிதனை ஸ்ரீரங்கத்தில் இதுவரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எதிலும் நான்தான் முதல் என்பது உனக்குத் தெரியாததா? இதிலும் நானே முதல் என்று வைத்துக்கொள். பாலக்கரைப் பட்டறையில் பட்டப்பகலில் துருத்தியை நிறுத்தச் சொல்லிவிட்டு, சாணைக்கல் பக்கத்தில் பெட்டியைப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். அந்தோணி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மொதலாளி, கவர்னருக்கா எழுதுறீங்க?" என்றான். "கவர்னருக்குன்னா இந்நேரம் முடிச்சு ஒட்டியிருப்பேன்டா" என்றேன். அது நிஜம். பெரிய மனிதர்களுக்கு எழுதுவதில் எனக்குத் தயக்கம் கிடையாது. உனக்கு எழுதத்தான் மூன்று காகிதம் கிழித்தாகிவிட்டது.

நேற்றுக் காலை உன் பழைய கணக்கு டீச்சரம்மா நம் வீட்டுக்கு வந்தார்களே, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். சென்னை ட்ரெயினிங் ஸ்கூலிலிருந்து வந்த காகிதத்தைப் பிரித்துக் காட்டி, "திங்கட்கிழமை நீ நேர்ல வரணும்னு எழுதியிருக்காங்க கமலம். ரெண்டே வருஷம். முடிச்சுட்டு வந்தா நீயும் என்னை மாதிரி போர்டு முன்னாடி நிக்கலாம்" என்றார்கள். நீ அந்தக் காகிதத்தைத் தொடக்கூட இல்லை. "வேண்டாம் டீச்சர். ரெண்டு வருஷம் முன்னாடி இதே இடத்துக்கு மனு போட்டேன். ஒரு வரி பதில் வரலை. லாயக்கில்லைன்னுதானே அர்த்தம்? இப்ப நீங்க சிபாரிசு பண்ணதுக்காகக் கூப்பிடறாங்க. அப்படிப் போய் நிக்க எனக்கு மனசில்லை" என்றாய். டீச்சரம்மா என்னைப் பார்த்தார்கள். நான் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தேன். பிறகு, "அவ இஷ்டம்ங்க" என்றேன். ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் பேசக்கூடியவன் அந்த இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டேனே, உனக்கு ஆச்சரியமாக இல்லையா? உன் சித்திக்கு இருந்தது. டீச்சரம்மா போன பிறகு, "உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நீ ஞாயிற்றுக்கிழமை ரயிலேற வேண்டும். இந்தக் கடிதம் அதற்காகத்தான், வேறு எதற்கும் இல்லை. ஆனால் ஏற வைக்க வேண்டுமானால் நான் இரண்டு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். ஒன்று உனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. மற்றொன்று ஊருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. அதனால்தான் இதை உறையில் போட்டு ஒட்டவில்லை. அந்தோணியை உரக்கப் படிக்கச் சொல்லப்போகிறேன். அப்புறம் பெரிய கடைவீதியில் செட்டியார் கடைக்கும் ஒரு பிரதி போகும். நான் பொய் சொன்னதெல்லாம் நாலு பேர் கூடின இடத்தில். உண்மையை மட்டும் உன் காதோரம் சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொண்டால் அது என்ன நியாயம்?

நான் உன் அப்பா இல்லை, அப்பாவின் தம்பி. வையம்பட்டியில் கலப்பைக்குக் கொழு அடித்துக்கொண்டிருந்த என் அண்ணனும் அண்ணியும் ஒரே வாரத்தில் பேதியில் போனபோது உனக்கு ஐந்து வயது. அங்கிருந்து உன்னைத் தோளில் சுமந்துகொண்டு நடந்தே ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்ததாக எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் கண் கலங்கியிருக்கிறார்கள்; சொல்லும்போது எனக்கும் கலங்கும். ரயிலில்தான் வந்தோம். வழியெல்லாம் நீ ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டு வந்தாய். ஸ்டேஷனிலிருந்து ஜட்கா வண்டி வரைக்கும் தோளில் தூக்கினது மட்டும் சத்தியம். உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும், கேட்டால், படிப்பின் மீதிருந்த மரியாதையால் என்று சொல்வேன். நம் தெருவில் அப்போது எந்தப் பெண்ணும் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. முதலில் அனுப்பினவன் நான் என்று சொல்லிக்கொள்ள ஆசை. மூன்றாம் பாரத்தோடு நின்றவன் நான். ஐந்தாம் பாரம் என்று சொல்லிக்கொள்வேன். நல்ல சட்டை போட்டிருக்கும் நாளில் எஸ்.எஸ்.எல்.சி. என்றும் சொல்லியிருக்கிறேன்.

இப்போது செட்டியார் கடைக்கு நான் செய்த இரும்புக் கேட்டு. உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் நடந்தபடி நான் சொல்லி நீ கேட்டதில்லை, கேள். அப்போது உனக்குப் பதினாலு வயது. ஜெர்மன்காரனோடு சண்டை ஆரம்பிக்காத காலம். செட்டியார் சென்னைக்குப் போய்விட்டு வந்து, "அங்க ஒரு கடையில பார்த்தேன்யா. இழுத்தா சுருங்குது, விட்டா விரியுது. மரக்கதவெல்லாம் அதுக்கு முன்னாடி பிச்சை வாங்கணும். நம்ம புதுக் கடைக்கு அந்த மாதிரி வேணும். உன்னால ஆகுமா?" என்றார். "ஆகுமாவா? லண்டன்லேருந்து படமே வரவழைச்சு வெச்சிருக்கேன்" என்றேன். எந்தப் படமும் வரவில்லை. ஜங்ஷன் பக்கம் ஒரு கட்டடத்தில் அப்படி ஒரு கேட்டைத் தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன். அதுவும் மூடியிருந்தபோது. அது திறந்ததை நான் பார்க்கவே இல்லை. யோசித்துப் பார், அத்தனை வினையும் அதில்தான் இருந்தது.

மூடின கேட்டைப் பார்த்தவன் மூடின கேட்டைத்தானே செய்வான்? வரிசையாக நிமிர்ந்த சட்டங்கள், அவற்றுக்கு இடையில் குறுக்கும் மறுக்குமாகப் பட்டைகள், பட்டைகள் வெட்டிக்கொள்ளும் இடமெல்லாம் சீட்டுக்கட்டில் டைமன் இருக்குமே, அந்த மாதிரிக் கட்டங்கள். பட்டறையில் சேர்த்தபோது ஒவ்வொரு கட்டத்துக்கும் மேல் முனையை மட்டும் சட்டத்தோடு ஆணியடித்து, கீழ் முனையைச் சும்மா விட்டிருந்தோம். தள்ளினால் போனது, இழுத்தால் வந்தது. என்ன, கீழ் முனைகளெல்லாம் கடகடவென்று ஆடின. எனக்கு ஆட்டம் என்றால் ஆகாது. நான் செய்த ஜன்னலைப் பிடுங்க வேண்டுமானால் சுவரையும் சேர்த்துத்தான் பிடுங்க வேண்டும் என்று பேர் எடுத்தவன். கடை திறப்பதற்கு முதல் நாள் கேட்டை இடத்தில் நிறுத்தி, விரித்து வைத்துவிட்டு, "அந்தோணி, கீழ் முனைக்கும் ரிவிட் அடிச்சிடு. ஒண்ணு விடாதே" என்றேன். "மொதலாளி, ஆட்டம் இருந்தாத்தானே நகரும்?" என்றான். "ரிவிட்டு அடிச்சாத்தான் அதுக்குப் பேரு கேட்டு. இல்லேன்னா கொலுசு" என்றேன். அறுபத்து நாலு ஆணி. ஒவ்வொன்றும் காளையின் கண் மாதிரி.

மறுநாள் காலை உனக்கு ஞாபகம் இருக்கும். வாழைமரம், நாயனம், பந்தலில் ரோஜாப்பூ சர்பத்து. செட்டியார் வீட்டு ஆச்சி கொல்லைப்புற வழியாகப் போய் உள்ளே குத்துவிளக்கை ஏற்றிவைத்துக்கொண்டு நிற்கிறாள். வெளியே செட்டியார் பட்டு வேட்டியில். ஐயர் கையைக் காட்டினார். நான் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு போய் ஒற்றை விரலால் இழுத்தேன். ஒற்றை விரல் என்பது கொஞ்சம் கூடுதல், ஒரு கையால். அசையவில்லை. இரண்டு கையால் இழுத்தேன். அந்தோணி வந்தான். நாலு பேர் சேர்ந்தோம். எண்ணெய் ஊற்றினோம்; அது என் ஜரிகை அங்கவஸ்திரத்தில்தான் வழிந்தது. கூட்டத்தில் ஒருத்தன், "யோவ், கேட்டு வைக்கச் சொன்னா செவுரு வெச்சிருக்கியேய்யா!" என்றான். இன்னொருத்தன், "ஆச்சியை உள்ள வெச்சு ஜெயில் கட்டிட்டாரு, வாங்கடா மனுப் போட்டுப் பார்ப்போம்" என்றான். உள்ளேயிருந்து ஆச்சி, "எண்ணெய் தீர்றதுக்குள்ள யாராச்சும் திறங்கப்பா" என்கிறாள். செட்டியார் சத்தம் போடவில்லை. நாயனக்காரர் அதே உருப்படியை மூன்றாவது தடவை ஆரம்பிக்க, செட்டியார் என் பக்கத்தில் வந்து, "நல்ல நேரம் இன்னும் கால் மணி இருக்கு. அதுக்கப்புறம் இந்தக் கடைவீதியில நீ நடக்கிறதை நான் பார்க்கக் கூடாது" என்று மெதுவாகச் சொன்னார்.

அப்போதுதான் நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் சித்தியோடு வந்திருந்தாய்; கக்கத்தில் புஸ்தகம். "சித்தப்பா, எண்ணெய் ஊத்தினா திறக்காது." "வாயை மூடிக்கிட்டு நில்லு." "இல்ல சித்தப்பா, இங்க பாருங்க" என்று இரண்டு கைக் கட்டைவிரல் நுனிகளையும் ஆள்காட்டி விரல் நுனிகளையும் சேர்த்துவைத்து, என் மூக்குக்கு நேராக ஒரு டைமன் செய்து காட்டினாய். "இதுக்குப் பேரு ராம்பஸ். தமிழ்ல சாய்சதுரம். நாலு பக்கமும் ஒரே நீளம், அது மாறாது. கோணம்தான் மாறும். பக்கவாட்டுல நெருக்கறேன் பாருங்க, மேலயும் கீழயும் எப்படி நீளுது! நீங்க மேலயும் ஆணி, கீழயும் ஆணி அடிச்சுக் கட்டிட்டீங்க. நீள விடாம பிடிச்சுக்கிட்டா அது எப்படி நெருங்கும்?"

உன் விரலைப் பார்த்தேன். கேட்டைப் பார்த்தேன். மறுபடி உன் விரலைப் பார்த்தேன். "கீழ் ஆணியை மட்டும் எடுத்திடுங்க சித்தப்பா. மேலது இருக்கட்டும், இல்லேன்னா விழுந்திடும்" என்று வேறு சொன்னாய். எடு உளியை, எடு சுத்தியலை என்று அந்தோணியும் நானுமாகக் கீழ் ரிவிட்டுகளின் தலையை வெட்டித் தள்ளினோம். ஒவ்வொன்றும் பட்டென்று தெறிக்க, ஜனங்கள் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். கடைசி ஆணி போனதும் நீதான் கையை வைத்து லேசாகத் தள்ளினாய். கமலம், அந்தக் கேட்டு சுருங்கி ஓரத்துக்குப் போன அழகை நான் இன்னும் யாரிடமும் சரியாகச் சொல்லி முடிக்கவில்லை. ஆச்சி விளக்கோடு நின்றாள். நல்ல நேரத்தில் இன்னும் இரண்டு நிமிஷம் மீதி.

அடுத்து நான் செய்ததுதான் நீ அறிந்த பாவம். செட்டியார் வேர்வையைத் துடைத்துக்கொண்டே, "என்னய்யா இது கூத்து?" என்று கேட்டார். ஊரே காது கொடுத்துக்கொண்டிருந்தது. நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இதாங்க மொறை. புதுக் கேட்டை முதல்ல அசையாம ஆணி அடிச்சுக் கட்டிடணும். ஊரு பார்த்துக் கண்ணு வெக்கும். அந்தக் கண்ணையெல்லாம் ஆணியோட சேர்த்து நல்ல நேரத்துல வெட்டித் தள்ளணும். பெரிய பட்டணத்துலல்லாம் இப்படித்தான்" என்றேன். செட்டியாரின் முகம் மலர்ந்துவிட்டது. "முன்னாடியே சொல்லக் கூடாதாய்யா! ஒரு தேங்காயும் உடைச்சிருப்பேனே" என்றார். நீ வாழைமரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாய். சிரிப்பை அடக்கிக்கொண்டு, புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாய். அன்றைக்கும் சொல்லவில்லை. இந்த எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட யாரிடமும் சொல்லவில்லை.

அந்தப் பொய் என்னவாக வளர்ந்தது என்பது உனக்குத் தெரியும். அடுத்த மாதமே நகைக்கடைக்காரர், "செட்டியார் கடைக்குச் செஞ்ச மாதிரி ஆணி வெட்டற முறையோட வேணும்" என்று வந்துவிட்டார். அதற்கப்புறம் நான் ஒவ்வொரு கேட்டிலும் வேண்டுமென்றே கீழே ஒற்றை ஆணி அடித்து, குங்குமம் வைத்து, நல்ல நேரத்தில் வெட்ட ஆரம்பித்தேன். ஒரு பாய் நடத்தும் பாத்திரக்கடையில் குங்குமத்துக்குப் பதில் சந்தனம். அரியமங்கலத்தில் ஓர் அரிசி மில், திருவெறும்பூரில் ஒரு மளிகைக்கடை என்று சொல்லிக்கொண்டே போகலாம். இது ராஜா காலத்து வழக்கம் என்று போன மாதம் ஒரு பெரியவர் எனக்கே விளக்கிச் சொன்னார். நான் கைகட்டிக் கேட்டுக்கொண்டேன்.

ஆனால் அந்தக் கேட்டுகளையெல்லாம் ஓட வைத்தது யார்? அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், சிலேட்டை எடுத்துவைத்துக்கொண்டு என்னை எதிரே உட்கார வைத்தாய். நாலு விளக்குமாற்றுக் குச்சிகளை நூலால் முடிந்து அசைத்துக் காட்டினாய். எதிர் எதிர்க் கோணங்கள் இரண்டும் எப்போதும் சமம் என்றாய். "பக்கத்துப் பக்கத்துக் கோணம் ரெண்டையும் கூட்டுங்க சித்தப்பா, எவ்வளவு சாய்ச்சாலும் நூத்தி எண்பதுதான். ஒண்ணு சுருங்கினா அடுத்தது அந்த அளவுக்கு விரிஞ்சுக்கும்" என்றாய். குறுக்கே மூலைக்கு மூலை இழுத்த கோடுகள் இரண்டும் நட்டநடுவில் ஒன்றையொன்று சரிபாதியாக வெட்டும், வெட்டுமிடம் எப்போதும் செங்கோணம், அதுதான் நம் பிழைப்புக்கு ஆதாரம் என்றாய். "பட்டை பத்து அங்குலம். விரியும்போது அகலம் பதினாறு வேணும்னா பாதி எட்டு. அப்ப உயரத்துல பாதி ஆறு, முழுசு பன்னிரண்டு. சுருங்கும்போது உயரம் இருபதுக்குக் கிட்ட வந்துடும். மேல் ஆணி நிலையா இருக்கட்டும். கீழ் ஆணி ஓடறதுக்கு எட்டு அங்குலத்துக்குச் சட்டத்துல ஒரு நீளத் துளை வெட்டிடுங்க. ஆட்டமும் இருக்காது, கட்டும் இருக்காது." மறுநாள் அப்படியே வெட்டினோம். செட்டியார் கடைக் கேட்டு இன்றைக்கும் வெண்ணெயாக ஓடுகிறது.

அதிலிருந்து எந்தக் கடைக்கு ஒப்புக்கொண்டாலும் வாசல் அகலத்தை மட்டும் அளந்துகொண்டு வருவேன். "கமலம், சும்மா உனக்கு வருதான்னு பார்க்கிறேன், இதைப் போடு" என்பேன், எனக்குத் தெரியும் என்கிற மாதிரி. நீயும் தெரியாத மாதிரி போட்டுக் கொடுப்பாய். பட்டறையில் போய், "விடிய விடிய கணக்குப் போட்டேன்டா அந்தோணி" என்பேன். அவன், "ஆமாங்க, எழுத்துகூட அழகாயிடுச்சுங்க" என்பான். எட்டு வருஷமாக இந்த ஊரில் கணக்குப் புலி என்று நான் நடந்த நடையெல்லாம் உன் சிலேட்டின் மேல் நடந்த நடை. இதுதான் முதல் விஷயம். இப்போது ஊருக்கும் தெரியட்டும்.

இரண்டாவதற்கு வருகிறேன். அந்தோணி தண்ணீர் கொண்டுவந்து வைத்திருக்கிறான். குடித்துவிட்டு எழுதுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ அந்த ட்ரெயினிங் ஸ்கூலுக்கு மனுப் போட்டபோது கையெழுத்துப் போட்டவன் நான்தான். போடும்போது, கிடைக்காது என்று நினைத்தேன். பிறகு நீ தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் கோலத்தைத் திருத்திக்கொண்டு நிற்பாய், காலையில் போட்ட கோலத்தை. மூன்று வாரம் நின்றாய். அப்புறம் நிற்கவில்லை. ஒரு நாள் சித்தியிடம், "எனக்கு அவ்வளவுதான் வரும்போல சித்தி" என்று நீ சொன்னதை நான் கைகால் கழுவிக்கொண்டே கேட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் உனக்கு வளையல் வாங்கி வந்தேனே, ஏன் என்று நீ கேட்டாய். வியாபாரம் நன்றாக நடந்தது என்றேன்.

கமலம், பதில் வந்தது. நீ கோலத்தோடு நின்ற இரண்டாவது வாரமே வந்தது. வீட்டுக்கு வரவில்லை, மனுவில் நான் எழுதியிருந்த பட்டறை விலாசத்துக்கு வந்தது. ஒரு பாரா முழுக்க இங்கிலீஷ். எழுத்துக் கூட்டிப் படித்தேன். அரைகுறைதான் புரிந்தது, ஆனால் அந்த அரைகுறையே போதும். நீ தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறாய், இன்ன தேதிக்குள் வந்து சேர வேண்டும். அதை மடித்து, ஜாக்கெட் தைக்கிற நூல்கண்டு இருக்குமே, அந்த அளவுக்குச் சின்னதாக மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் வைத்தேன். அன்றைக்குச் சண்டைக் காலம். இரும்புக்குக் கண்ட்ரோல், ஒரு பட்டை வீணானால் அடுத்த பட்டைக்கு மூன்று ஆபீஸ் ஏற வேண்டும். நீ போய்விட்டால் வாசலை அளந்துகொண்டு வந்து நான் யார் முன்னால் போடுவேன்? "உனக்கு வருதான்னு பார்க்கிறேன்" என்று யாரிடம் சொல்வேன்? ஒரு கேட்டு நின்றுபோனால் இன்னொரு தடவை ஊருக்கு என்ன முறை சொல்லி ஏமாற்றுவேன்? உன்னைத் தனியாகப் பட்டணத்துக்கு அனுப்பப் பயம் என்று எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தப் பயமும் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது கால்வாசி. மீதி, என் சாயம் வெளுத்துவிடுமே என்கிற பயம். தேதி போய்விட்டது. போன பிறகு சொல்வதற்கு வழியில்லை என்று இன்னும் உள்ளே தள்ளினேன்.

கிழித்துப் போட்டிருக்கலாம். நெருப்பு வைத்துப் பிழைக்கிறவன், உலையில் போட ஒரு நொடி ஆகாது. முடியவில்லை. உன் பேரை அச்சில் அடித்திருந்தார்கள் அதில். என் அண்ணன் பேரும் இருந்தது, இன்னாரின் குமாரத்தி என்று. தகரப்பெட்டி ஒன்றில் போட்டு, மூடியை வைத்து, யாரும் திறக்கக் கூடாது என்று நடுவில் ஒரு ரிவிட் அடித்துவிட்டேன். உன் சித்தி ஒரு நாள் சாப்பாடு கொண்டுவந்தபோது பார்த்து, "பெட்டிக்குப் போய் யாராவது ஆணி அடிப்பாங்களா?" என்றாள். "எலித் தொல்லை" என்றேன். "எலி பூட்டைத் திறக்குமாக்கும்" என்றாள். அவளுக்கு அதற்குமேல் தெரியாது. அந்தோணிக்குத் தெரிந்திருக்கும். அந்த ஆணியை அடித்தபோது அவன் துருத்தியை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றான்.

ஆக, உன்னை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சிபாரிசு இல்லாமல், யாருடைய தயவும் இல்லாமல், உன் மார்க்கை மட்டும் பார்த்து இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே வா என்றார்கள். நேற்று நீ டீச்சரம்மாவிடம் "லாயக்கில்லை" என்றாயே, அந்த வார்த்தை உன்னுடையது இல்லை. நான் செய்து உன் வாயில் வைத்தது. மேல் ஆணி, கீழ் ஆணி என்று பதினாலு வயதில் என் மூக்குக்கு நேரே விரலை வைத்துச் சொல்லிக் கொடுத்தாய். அதை வைத்து ஊரெல்லாம் கேட்டுகள் செய்துவிட்டு, வீட்டில் மட்டும் பழையபடியே இரண்டு முனையிலும் அடித்திருக்கிறேன். நீ எனக்குப் பெண்ணாக இருப்பது மேல் ஆணி. அது போதும், அது நீ எங்கே போனாலும் கழன்றுவிடாது. கீழே நான் அடித்ததற்கு ஒரு பேரும் இல்லை.

இனி பட்டறை என்ன ஆகும் என்று நீ கேட்பாய். உன் புத்தி அப்படி. அந்தோணியின் மகள் நாலாம் பாரம் வந்திருக்கிறாள் என்று அவன் சொன்னான். அதைக் கேட்டு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வேண்டாம். நானே கற்றுக்கொள்ளப்போகிறேன். நேற்று ராவுத்தர் கடைக்குக் கட்டத்தின் அகலம் பதினாலு என்று நானாகவே போட்டுப் பார்த்தேன். பட்டை பத்து, பாதி ஏழு, அதற்கப்புறம் வர்க்கமூலம் என்று ஒரு சங்கடம் வந்து நின்றுவிட்டது. நூற்றிலிருந்து நாற்பத்தொன்பதைக் கழித்தால் ஐம்பத்தொன்று, அது வரைக்கும் நான் தனியாகவே போனேன். அதற்குமேல் ஏழா, ஏழே காலா என்று தபாலில் கேட்பேன். ஊரறிய, தபால் கார்டில் கேட்பேன். திருத்தி அனுப்பு. நீ நாளைக்குப் போர்டுக்கு முன்னால் நிற்கும்போது என்னைப் போல ஒரு மண்டை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாம் தெரிந்த மாதிரி தலையாட்டும். அதைத் திட்டாதே. விரலைச் சேர்த்துவைத்துக் காட்டு. அது போதும் அதற்கு. இதைத்தவிர உனக்குப் புத்தி சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? கோபம் வந்தால் கோபப்படு. எனக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாழைமரத்துக்குப் பக்கத்தில் நின்றாயே, அதை இன்னொரு தடவை யாருக்காகவும் செய்யாதே.

அந்தோணி படித்து முடித்துவிட்டான். இந்தக் கடிதத்தையும் தகரப்பெட்டியையும் அவனேதான் சைக்கிளில் கட்டிக்கொண்டு பாலம் தாண்டி உன்னிடம் கொண்டுவருகிறான். கூடவே ஒரு சுத்தியலும் உளியும் இருக்கும். பெட்டிக்குள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் உனக்கு வந்த காகிதம் இருக்கிறது. நான் சொல்வதை நம்பாதே, நீயே படித்துப் பார். இத்தனை வருஷம் நீ கணக்குப் போட, நான் தலைப்பாகை கட்டிக்கொண்டு ஆணி வெட்டினேன். இதில் குங்குமம் வைக்கவில்லை. நல்ல நேரமும் பார்க்கவில்லை. உளியை நானே தீட்டியிருக்கிறேன். ஆணியை நீ வெட்டு.

உன் சித்தப்பா